ஹிப்ஹொப் இசை எம்மவரைக் கவர்ந்தது ஏன்?



இன்று நாம் பேசப் புகும் பொருள் சிலருக்கு நகைப்பை விளைவிக்கக்கூடும். தேவாரமும் திருப்புகழும் ஒலித்த இம்மேடையிலே அமெரிக்க நாட்டு ஹிப்ஹொப் இசைக்கு என்ன அலுவல் என்று கேட்பீர்கள். ஆயினும் நெல்லியடிச் சந்தியில் நிற்கும் ஓட்டோக்களிலும், எமது தம்பிமார் காதிற் செருகித் திரியும் கருவிகளிலும் அதுவோ அதன் சாயலோ ஒலிப்பதை நீங்கள் அறிவீர்கள். அமெரிக்காவிலேயே 2017ஆம் ஆண்டு நீல்சன் நிறுவனம் எடுத்த கணக்கில், ஆர் அன்ட் பீ இசையோடு சேர்ந்து ஹிப்ஹொப் முதன்முறையாக றொக் இசையை முந்திவிட்டது. அடுத்த ஆண்டு கென்ட்றிக் லமாருக்குப் புலிற்சர் பரிசு கிடைத்தது. அதற்கு முன் அப்பரிசின் இசைப் பிரிவு சாஸ்திரிய இசைக்கும் ஜாஸுக்கும் வெளியே போனதில்லை. ஆகவே இதனை நாலு பையன்களின் கூச்சல் என்று தள்ளிவிட முடியாது.

இதன் பிறப்பை முதலிற் பார்ப்போம். 1973ஆம் ஆண்டு ஓகஸ்ட் 11ஆந் திகதி, நியூயோர்க் நகரின் பிறொங்ஸ் பகுதியிலே ஒரு தொடர்மாடிக் கட்டடத்தில், ஜமேய்க்காவிலிருந்து வந்து குடியேறிய கிளைவ் கம்பெல் என்னும் இளைஞர் தம் சகோதரி நடத்திய விருந்திலே இசைத்தட்டுச் சுழற்றினார். கூல் ஹேர்க் என்பது அவருடைய பட்டப்பெயர். பாட்டு ஓய்ந்து மத்தளம் மட்டும் தனித்து ஒலிக்கும் சில கணங்களிலேதான் ஆடுவோர் உற்சாகம் கொள்ளுகின்றனர் என்பதை அவர் கவனித்தார். ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை இரண்டு கருவிகளில் வைத்து, அந்தச் சில கணங்களை மாற்றி மாற்றி ஓடவிட்டு நீட்டினார். அதன்மேல் சொல்லடுக்கிப் பேசுவது பின்னர் வளர்ந்து றப் ஆயிற்று.

இதைக் கேட்டு வியப்படைய எமக்கு நியாயமில்லை. எமது கோயில் திருவிழாவிலே நாதஸ்வரம் ஓய்ந்து தவிற்சமா தொடங்கியதும் சனம் என்ன செய்கிறது? கடலைக்காரியிடம் நின்றவரும் ஓடி வந்து வட்டமிட்டு நிற்கிறார். யாழ்ப்பாணத்தார் தட்சிணாமூர்த்தியின் தவிலுக்கு விடியவிடிய மண்ணிலிருந்தவர்கள். ஹேர்க் கண்டுபிடித்த அந்தச் சுவை எம்மவர் செவிக்குப் பழகியதே.

ஆனால் செவிக்கு இனிப்பது மாத்திரம் காரணமாயின் தவிலே போதுமே. வேறு காரணங்களும் உள. ஓர் இசையைப் பயில ஆகும் செலவை எண்ணிப் பாருங்கள். மிசன் கல்லூரியிலே படித்த எமக்குப் பியானோவின் துணையோடு கீதம் பாடப் பழக்கினார்கள். பியானோ கல்லூரியோடு நின்றது, வீட்டுக்கு வரவில்லை. சங்கீதம் பயின்ற சகோதரிகள் வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைகளைத் தரந்தரமாகத் தாண்ட எத்தனை ஆண்டு உழைத்தார்கள்! றொக் இசைக்கோ கிற்றார் வேண்டும், கூட்டாளிகள் வேண்டும், ஒத்திகை பார்க்க ஒரு மண்டபமும் வேண்டும். சினிமாப் பாட்டுக்குச் சென்னையிலே ஒரு தயாரிப்பாளர் மனம் இரங்க வேண்டும். றப் சொல்ல விரும்புகிறவனுக்கு வாயும், தாளமும், சொல்லுவதற்கு ஒரு விடயமும் போதும். தாளத்தைக் கைத்தொலைபேசியே தந்துவிடுகிறது. இதனால் அது எளிதென்று எண்ணவேண்டாம். மூச்சடக்கித் தாளம் தப்பாமற் சொல்லுவது எவ்வளவு கடினமென்பதை முயன்று பார்த்தவர் அறிவர். கடினம் வேறு, வாசலிற் காவல் நிற்பது வேறு.

இனி மொழியைப் பற்றிச் சற்று விரிவாகப் பேசுவோம். மற்ற இசைகளில் மெட்டு எசமான், சொல் வேலைக்காரன். றப்பிலே சொல்லே எசமான். அதிலும் அது பேச்சுச் சொல். "உவன்" என்றும் "உங்கே" என்றும் சுட்டுகிற வழக்கு இன்றும் எமது வாயிலே உயிரோடு இருக்கிறது, தமிழ்நாட்டிலே வழக்கொழிந்தது. "பேந்து", "எங்கட", "விசர்" என்பனவற்றைச் சினிமாப் பாட்டிலே எத்தனை தரம் கேட்டிருக்கிறீர்கள்? எமது பேச்சு அங்கே வந்தால் பெரும்பாலும் சிரிப்பூட்டவே வரும். 1960களின் பிற்பகுதியிலே நித்தி கனகரத்தினம் "சின்ன மாமியே" என்று துள்ளிசை பாடியபோது எமது பாட்டன்மார் மகிழ்ந்ததற்கு, அது எமது வீட்டுப் பேச்சிலே வந்தது ஒரு பெருங் காரணமென்பது எமது துணிபு. அந்த வாசல் இப்போது மறுபடி திறந்திருக்கிறது.

இவ்விடத்திலே ஒன்று சொல்லவேண்டும். அருணகிரிநாதரே முதல் றப் பாடகர் என்று முழங்குவோர் எம்மிடையே உண்டு. கைதட்டல் வாங்க இது நல்ல வழி. திருப்புகழின் சந்தத்துக்கு ஈடில்லை என்பது மெய். ஆனால் அது முருகப்பெருமானை நோக்கி எழுந்த பாட்டு. றப் தெருவிலே நிற்பவனை நோக்கி, "நான் இன்ன ஊரான், எனக்கு இன்னது நேர்ந்தது" என்று சொல்லுவது. உறவு தேடுவதாயின் வடமராட்சிக் காத்தவராயன் கூத்திலும், சின்னமணியின் வில்லிசையிலே இடையிடையே ஊர்ப்புதினம் நுழைந்த விதத்திலும் தேடலாம்.

ஊரும் பேரும் சொல்லுவதனால் அன்றோ புலம்பெயர்ந்த எம்மவர் பிள்ளைகள் இதனைப் பற்றிக்கொண்டனர்! இலண்டனில் வளர்ந்த மாதங்கி அருட்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்னும் பெயரால் உலகறிந்தவர், 2005இல் வெளியிட்ட முதலாவது இசைத்தொகுதிக்குத் தம் தந்தையாரின் இயக்கப் பெயரான "அருளர்" என்பதையே சூட்டினார். யாழ்ப்பாணத்திற் பிறந்து கனடாவில் வளர்ந்த சான் வின்சன்ட் டி போல், ரொறன்ரோவிலே யாஞ்சனின் மிருதங்கத்தோடு றப் சொன்னார். 2021இல் "மேட் இன் ஜவ்னா" என்று தொகுதிக்குப் பெயரிட்டார். தமிழிலே இவ்விசையை ஊன்றியவர்கள் மலேசியத் தமிழரென்று சொல்லலாம். யோகி பீயும் நட்சத்திராவும் 2006இல் வெளியிட்ட "வல்லவன்" தொகுதியிலே "நிழல்கள்" படத்துக்கு இளையராஜா அமைத்த பழைய பாட்டொன்றை எடுத்து அதன்மேல் தம் சொல்லை ஏற்றினர். தகப்பனுக்குத் தெரிந்த மெட்டு, மகனுக்குப் பிடித்த பேச்சு. இலங்கையிலும் கிருஷான் மகேசன் அக்காலத்திலேயே தமிழில் றப் பாடிப் பெயர் பெற்றார்.

குற்றங்களை மறைக்க நாம் இங்கே வரவில்லை. வீண் பெருமை, குடி, துவக்கு, பெண்களை இழித்தல் ஆகியன இவ்விசையோடு ஒட்டிக்கொண்டே வருகின்றன. தமிழ்நாட்டின் ஹிப்ஹொப் தமிழா குழுவினர்க்குப் புகழ் தந்த முதற் பாட்டே பெண்களை ஏளனஞ் செய்கிறதென்று கண்டனத்துக்கு உள்ளாயிற்று, கண்டனம் நியாயமே. எமது ஊர்ப் பையன்கள் சிலர் சென்னைப் பேச்சிலே றப் எழுதுவதும் எமக்கு உவப்பில்லை. வாசல் திறந்திருக்க, வாடகைக் குரலில் நுழைவானேன்?

எமது ஊரிற் பிறந்த பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி ஒரு கருத்து எழுதியிருக்கிறார்: தமிழர் எல்லாரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்து கண்ட முதற் கலையரங்கு சினிமாக் கொட்டகையே என்பது அது. கோயிலிலே அது நடக்கவில்லை என்பதை இச்சபையிலே விளக்கத் தேவையில்லை. 1968இல் மாவிட்டபுரத்தில் நடந்ததைப் பெரியோர் அறிவர். சினிமா எல்லாரையும் இருந்து பார்க்க விட்டது. ஹிப்ஹொப் எல்லாரையும் எழுந்து பேச விட்டது. ஏனைய இசைகளை இது முந்தியதற்குத் தலைமையான காரணம் இதுவென்றே நாம் கருதுகிறோம். 2018 தையிலே சென்னையில் மேடையேறிய "காஸ்ற்லெஸ் கலெக்ரிவ்" குழு றப்பையும் கானாவையும் பறையையும் ஒன்றாக வைத்தது. அதிலிருந்து வந்த அறிவு, 2021இல் வெளியான "என்ஜோய் எஞ்சாமி"யிலே, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த தம் முன்னோரின் கதையை ஒப்பாரிச் சாயலோடு உலகுக்குச் சொன்னார். அவ்வாண்டு ஓர் இசைச் சஞ்சிகை அப்பாட்டைப் பாராட்டிய அட்டையிலே அவருடைய படம் இல்லாதது பெரிய வழக்காயிற்று. சொல்லைத் தந்தவனை ஒதுக்கும் பழக்கம் அவ்வளவு இலகுவில் விட்டுப்போகாது.

எமது ஊர்களிலோ பறைமேளம் செத்தவீட்டுப் படலையோடு நின்றுவிட்டது. அடித்தவர்களின் பிள்ளைகள் பலர் அதனைக் கைவிட்டதற்குக் காரணம் அவமானம். அவர்களிற் குறை காண எமக்கு உரிமையில்லை. ஆதலின் இச்சங்கத்தாரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு விழாவிலே இளைஞர் தம் சொந்தப் பேச்சிலே றப் சொல்லக் கால் மணித்தியாலம் தாருங்கள். பறை வாசிக்க விரும்பி எவரேனும் முன்வந்தால், அவருக்கும் மிருதங்கக்காரர் இருக்கும் அதே மேடையிலே, அதே விரிப்பிலே இடம் போடுங்கள். நிகழ்ச்சி நிரல் அச்சாவதற்கு இன்னும் காலமிருக்கிறது.