வீட்டுக்குப் பத்துக் கோழி: எந்தக் குஞ்சு வாங்கலாம்?

இன்றைக்குக் கோழியைப் பற்றிப் பேசப் போகிறேன். "ஆஸ்பத்திரிக்காரங்களுக்குக் கோழிக் கூட்டிலே என்ன வேலை?" என்று பின்வரிசையில் யாரோ சிரிப்பது கேட்கிறது. வேலை இருக்கிறது.

துணை சுகாதார நிலையத்துக்கு ஒரு கர்ப்பிணித் தாய் வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரத்தத்தைச் சோதித்தால் சோகை. கையைப் பிடித்து வந்த மூன்று வயதுக் குழந்தையை எடை போட்டால் வயதுக்கேற்ற எடை இல்லை. "வீட்டிலே கோழி இருக்காம்மா?" என்று செவிலியர் கேட்கிறார். "ஆறு கோழி நிக்குதுங்க." "முட்டை?" "அது விலைக்குப் போயிருதுங்க. எப்பவாச்சும் ஒண்ணு மிஞ்சினா அவருக்குப் பொரிச்சு வைப்பேன்."

இது ஒரு வீட்டுக் கதை அல்ல. பல வீட்டுக் கதை. கொல்லையில் சத்து மேய்கிறது. வீட்டுக்குள்ளே சோகை படுத்திருக்கிறது. இதை மாற்ற ஒரு வழி உண்டு. முட்டை விற்கவும் வேண்டும், வீட்டுக்கும் வேண்டும் என்றால் அதற்கேற்ற கோழி வேண்டும். அதற்கேற்ற கோழி வேண்டுமென்றால், குஞ்சு வாங்கும்போதே யோசித்து வாங்க வேண்டும். கணவனும் மனைவியும் உட்கார்ந்து பேசித் தீர்மானிக்க வேண்டிய காரியம் இது.

முதலில் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் உள்ள ஒரு வீடு. தாய்க்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் நாளுக்கு ஆளுக்கொரு முட்டை என்றால், நாளுக்கு மூன்று. ஆண்டுக்கு ஏறக்குறைய 1,100 முட்டை. நம் நாட்டுக்கோழி ஒன்று ஆண்டுக்கு 50, 60 முட்டை இடும். அப்படியானால் பதினெட்டு முதல் இருபத்திரண்டு பெட்டைக் கோழிகள் வேண்டும். அதிலும் அடை வைக்க எடுத்தது போக மிச்சந்தான் சாப்பாட்டுக்கு. நாலு சென்ட் கொல்லையில் அது நடக்கிற காரியமா? முட்டையிடுவதற்கென்று தேர்ந்தெடுத்த கலப்பினக் கோழியை நன்றாகப் பராமரித்தால் ஆண்டுக்கு 150 முட்டைக்குக் குறையாமல் எதிர்பார்க்கலாம். ஏழெட்டுப் பெட்டை இருந்தால் கணக்குச் சரியாகிவிடும்.

"அப்படீன்னா நாட்டுக்கோழியை எல்லாம் வித்துரலாமா?" என்று கேட்பீர்கள். வேண்டாம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

கலப்பினக் கோழி என்றால் எல்லாம் ஒன்றல்ல. முட்டைக்கென்று ஒரு வகை, முட்டைக்கும் கறிக்கும் பொதுவாக ஒரு வகை. ஐதராபாத்திலுள்ள கோழி ஆராய்ச்சி இயக்ககம், வீட்டுக் கொல்லைக்கென்றே சில வகைகளை உருவாக்கியிருக்கிறது. அவற்றில் கிராமப்பிரியா முட்டைக்கு ஏற்றது. வனராஜா முட்டையும் தரும், உடலும் கனக்கும்; ஆனால் முட்டை சற்றுக் குறைவு. பெங்களூரில் உருவான கிரிராஜா, கறிக்கும் முட்டைக்கும் பொதுவானது. நல்ல கனமான கோழி. நம் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தந்தது நந்தனம் கோழி. பெயரைப் பார்த்து மட்டும் வாங்க வேண்டாம். நம் வீட்டுக்கு எது வேண்டும் என்பதைப் பார்த்து வாங்குங்கள்.

வீட்டில் கர்ப்பிணி, பாலூட்டும் தாய், சிறு குழந்தை இருக்கிறார்களா? முட்டை வகையே முதலில். பண்டிகைக்கும் திருவிழாவுக்கும் விற்றுக் காசு பார்க்க வேண்டுமா? கனமான வகையில் நாலைந்து சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் ஒன்று: கனத்த கோழி பறந்து தப்பாது. நாய், கீரி, காட்டுப்பூனைத் தொல்லை உள்ள இடத்தில் சற்று இலேசான, கால் நீண்ட கோழிதான் பிழைக்கும். நிறத்திலும் கவனம் வேண்டும். தூய வெள்ளைக் கோழி மேலே வட்டமிடும் பருந்துக்கு எட்டக் கண்ணில் படும். செம்பழுப்பும் கறுப்பும் புள்ளியும் கலந்த கோழி மண்ணோடும் சருகோடும் மறையும். கொல்லைக்கு நிறமுள்ள கோழியே ஏற்றது.

இனி, வாங்கும் இடம். சந்தை வாசலிலும் பேருந்து நிலையத்திலும் பச்சை, சிவப்பு, ஊதா என்று சாயம் பூசிய குஞ்சுகளைக் கூடையில் வைத்து விற்பார்கள். பிள்ளைகள் அழுது அடம் பிடிக்கும். நாமும் விலை மலிவு என்று பத்து வாங்கி வந்துவிடுவோம். அவை பெரும்பாலும் முட்டைக் கோழிக் குஞ்சுப் பொரிப்பகத்தில் வேண்டாமென்று ஒதுக்கிய சேவல் குஞ்சுகள். முட்டையும் இடா, சீக்கிரம் எடையும் ஏறா. தடுப்பூசி போட்டதாகவும் இராது. பாதி ஒரு வாரத்திலேயே செத்துப் போகும். மலிவாக வாங்கியது எப்படி முடிந்தது பார்த்தீர்களா? அரசுக் கோழிப் பண்ணை, பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையம், வேளாண் அறிவியல் நிலையம், நம்பகமான பொரிப்பகம், இவற்றில் ஒன்றில் முன்கூட்டியே சொல்லி வைத்து வாங்குங்கள். உங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்தில் கேட்டால் எங்கே கிடைக்கும் என்று சொல்வார்கள். பொரித்த அன்றே மேரக்ஸ் நோய்த் தடுப்பூசி போட்டார்களா என்று வாய் திறந்து கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம், காசு நம்முடையது.

குஞ்சைக் கையில் எடுத்துப் பாருங்கள். கண் பளிச்சென்று இருக்க வேண்டும். தொப்புள் காய்ந்து மூடியிருக்க வேண்டும். கால் நேராக, விரல் கோணாமல் இருக்க வேண்டும். பின்புறம் எச்சம் ஒட்டி அடைத்திருந்தால் அந்தக் குஞ்சு வேண்டாம். மல்லாக்கப் படுக்க வைத்தால் துள்ளி எழுந்து நிற்க வேண்டும்; எழமாட்டாமல் காலை உதைத்துக்கொண்டு கிடப்பதை ஒதுக்கிவிடுங்கள்.

எத்தனை வாங்குவது? பெரும்பாலும் ஒரு நாள் குஞ்சுகளைச் சேவல், பெட்டை பிரிக்காமலே கொடுப்பார்கள். ஏறக்குறையப் பாதி சேவலாக இருக்கும். இருபது வாங்கினால், ஒன்றிரண்டு சேதம் போக, எட்டு ஒன்பது பெட்டை நிற்கும். சேவல்களை மூன்று நான்கு மாதம் வளர்த்து விற்றால் தீவனச் செலவுக்கு உதவும். சாப்பாட்டு முட்டைக்குச் சேவலே வேண்டியதில்லை. சேவல் இல்லாமலும் பெட்டை முட்டையிடும். குஞ்சு பொரிக்க வேண்டுமென்றால் மட்டும் ஒரு சேவல் வைத்துக்கொள்ளுங்கள். முதல் முறை வளர்ப்பவர்களும், பகலெல்லாம் கூலி வேலைக்குப் போகிறவர்களும், ஒரு நாள் குஞ்சுக்குப் பதிலாக நான்கு அல்லது ஆறு வாரம் வளர்ந்த குஞ்சை வாங்கலாம். விலை கூடுதல்தான், சேதம் குறைவு.

இப்போது நாட்டுக்கோழிக்கு வருவோம். கலப்பினக் கோழிகள் பெரும்பாலும் அடை உட்காருவதில்லை. அந்தக் குணத்தைக் குறைத்ததனால்தான் முட்டை கூடியது. ஆகவே அடைக்கு நம் சிறுவிடைக் கோழியை விட்டால் வேறு தாய் இல்லை. அடைக்கோழி உட்கார்ந்திருக்கும் சமயம் பார்த்து, வாங்கி வந்த ஒரு நாள் குஞ்சுகளை இரவில், இருட்டில், ஒவ்வொன்றாக அதன் இறக்கைக்கு அடியில் விட்டுப் பாருங்கள். காலையில் தன் குஞ்சென்றே எண்ணிக் கூட்டிக்கொண்டு மேயப் போகும். பல்பும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். பத்துப் பன்னிரண்டு குஞ்சுக்கு மேல் ஒரு தாயிடம் விட வேண்டாம். ஆகவே இரண்டு நாட்டுக்கோழியைக் கொல்லையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. "கலப்பினம் நல்லா முட்டை வைக்குது, அதோட முட்டையையே அடை வெச்சு அடுத்த வருசமும் அதே குஞ்சை எடுத்துக்கலாம்" என்று எண்ண வேண்டாம். அடுத்த தலைமுறையில் ஒன்று தாயைப் போல, ஒன்று பாட்டியைப் போல, ஒன்று எதையும் போல இல்லாமல் வரும், முட்டையும் குறையும். ஒட்டு விதையைச் சேமித்து மறுபடி விதைத்தால் விளைச்சல் குறைகிறதல்லவா, அதைப் போலத்தான். ஒன்றரை, இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை புதிய குஞ்சு வாங்கிக்கொள்ளுங்கள்.

அடைக்கோழி இல்லாவிட்டால் நாமே சூடு கொடுக்க வேண்டும். குஞ்சுக்கு இரண்டு வாட் வீதம், இருபது குஞ்சுக்கு ஒரு நாற்பது வாட் குண்டு பல்ப் போதும். இப்போது வருகிற எல்.இ.டி. பல்பில் வெளிச்சம் உண்டு, சூடு போதாது; அது இதற்கு உதவாது. குஞ்சுகள் எல்லாம் பல்புக்குக் கீழே ஒன்றின்மேல் ஒன்று அடைந்தால் குளிர்கிறது என்று பொருள், பல்பைத் தாழ்த்துங்கள். விலகி ஓடி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம், உயர்த்துங்கள். பரவலாக நின்று மேய்ந்தால் சரியாக இருக்கிறது. ஆறு வாரம் வரை குஞ்சுத் தீவனம் கொடுங்கள். இங்கே சிக்கனம் பார்த்தால் பிறகு முட்டையில் குறையும். அதன்பின் கொல்லையில் மேயட்டும். மாலையில் அடையும் நேரத்தில் ஒரு கைப்பிடி கம்போ நொய்யோ போடுங்கள். முட்டையிடத் தொடங்கியதும் கிளிஞ்சலை இடித்து ஓர் ஓட்டில் வையுங்கள். முட்டை ஓடு கெட்டியாகும்.

கோழியைக் கூண்டோடு அழிப்பது வெள்ளைக் கழிச்சல் நோய். வந்தபின் மருந்தில்லை, வருமுன் தடுப்பதுதான் வழி. முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, பிறகு எட்டாவது வாரத்தில் இறக்கையில் ஊசி. இடையில் போட வேண்டியவற்றைக் கால்நடை மருந்தகத்தில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். நம் பிள்ளைக்குத் தடுப்பூசி அட்டை வைத்திருக்கிறோமே, அதைப் போல நாள்காட்டியில் குறித்து வையுங்கள்.

கோழி திடீரென்று ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தால் அதை அறுத்துச் சாப்பிடக் கூடாது, விற்கக் கூடாது, குளத்தில் வீசக் கூடாது. வெறுங்கையால் தொட வேண்டாம். உடனே கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள். பறவைக் காய்ச்சல் மனிதரையும் தொடக்கூடிய நோய்.

இன்னொன்று தாய்மார்களுக்கு. கோழியை வீட்டுக்குள்ளும் குழந்தை தவழும் இடத்திலும் அடைக்காதீர்கள். கோழி எச்சம் பட்ட கையைக் குழந்தை வாயில் வைத்தால் வயிற்றுப்போக்கு வரும். முட்டைச் சத்து ஒரு பக்கம் சேர, வயிற்றுப்போக்கில் மறுபக்கம் போய்விடும். தனிக் கூடு கட்டுங்கள். கோழிக்கு ஒரு சதுர அடி இடம் போதும். கூட்டைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

சரி, முட்டை வந்துவிட்டது. யாருக்கு? இதுதான் கடைசிக் கேள்வி, முக்கியமான கேள்வி. ஒரு முட்டையில் சுமார் ஆறு கிராம் புரதம் இருக்கிறது. கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் அது மிக வேண்டியது. "முட்டை சூடு, கர்ப்பத்துக்கு ஆகாது" என்பது தவறு. நன்றாக வேகவைத்துச் சாப்பிடலாம். பச்சை முட்டை மட்டும் வேண்டாம். முட்டை சாப்பிடுகிறோமே என்று இரும்புச் சத்து மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். அது தனி, இது தனி. ஆறு மாதம் முடிந்த குழந்தைக்குத் தாய்ப்பாலோடு, நன்றாக வெந்த முட்டையை மசித்து முதலில் சிறிதளவு கொடுத்துப் பழக்கலாம். உடம்பில் தடிப்பு வந்தால் நிறுத்திவிட்டுச் செவிலியரிடம் காட்டுங்கள்.

சகோதரர்களே, உங்களிடம் ஒரு வார்த்தை. வீட்டில் பெண்கள் கடைசியில் சாப்பிடுகிறார்கள், மிஞ்சியதைச் சாப்பிடுகிறார்கள். முட்டையை அவர்களாக எடுத்துச் சாப்பிட மாட்டார்கள். "புள்ளே, இன்னிக்கு நீ முட்டை சாப்பிட்டியா?" என்று நீங்கள் கேட்க வேண்டும். ஒரு நாள் கேட்டால் போதாது. தினமும் கேட்க வேண்டும். பெண் பிள்ளைக்கும் ஆண் பிள்ளைக்கும் ஒரே அளவு கிடைக்கிறதா என்றும் பாருங்கள்.

விற்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. காசும் வேண்டியதுதான். தாய்க்கும் பிள்ளைக்கும் எடுத்து வைத்தது போக மிச்சத்தை விற்போம். விற்றது போக மிச்சத்தைத் தாய்க்குக் கொடுக்க வேண்டாம். இந்த வரிசையை மாற்றிக்கொண்டால் போதும்.

இன்று இரவு சாப்பிட்டு முடித்ததும் இருவரும் பத்து நிமிஷம் பேசுங்கள். நம் கொல்லையில் எத்தனை கோழிக்கு இடம்? எந்த வகைக் குஞ்சு? யார் தீவனம் வைப்பது, யார் ஊசிக்குக் கொண்டு போவது? பேசி முடித்தபின் குஞ்சுக்குச் சொல்லி வையுங்கள். ஐந்தாறு மாதத்தில் முதல் முட்டை வரும். அந்த முதல் முட்டை யாருக்கு என்பதை இன்றைக்கே தீர்மானித்துவிடுங்கள்.