ஊர் லைசென்ஸ் அக்கரையில் செல்லுமா?

(அதிராம்பட்டினத்தில் இளைஞர்களும் வணிகர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

 

சபர் போகாத வீடு நமதூரில் எத்தனை இருக்கிறது? விரல்விட்டு எண்ணிவிடலாம். புறப்படும் பிள்ளையின் பாஸ்போர்ட், விசா, டிக்கெட் எல்லாவற்றையும் மூன்று முறை சரிபார்க்கிறோம். டிரைவிங் லைசென்ஸை மட்டும் யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. "அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்" என்று சொல்லிவிடுகிறோம். மாற்ற முடியுமா என்று விசாரித்தோமா?

துபையை எடுத்துக்கொள்ளுங்கள். நாற்பதுக்கும் மேற்பட்ட நாடுகளின் உரிமத்தை ஐக்கிய அரபு அமீரகம் நேரடியாக மாற்றித் தருகிறது. 2025 வரை அந்தப் பட்டியலில் இந்தியா இடம்பெறவில்லை. விசிட் விசாவில் போகிறவர் சர்வதேச ஓட்டுநர் அனுமதியை வைத்து ஓட்டலாம். குடியிருப்பு விசா அடித்துவிட்டால் அந்தச் சலுகை முடிந்தது. அமீரக உரிமம் எடுத்தே ஆக வேண்டும். 2023இல் துபை போக்குவரத்துத் துறை "கோல்டன் சான்ஸ்" என்ற வாய்ப்பைத் தந்தது. சொந்த நாட்டு உரிமம் உள்ளவர் பயிற்சி வகுப்பு இல்லாமலே தேர்வு எழுதி, வண்டி ஓட்டிக் காட்டலாம். ஆனால் ஒரே ஒரு முறைதான்! தவறினால் பணம் கட்டி வகுப்பில் சேர வேண்டும்.

2025 மார்ச் 29 முதல் அங்கே புதிய போக்குவரத்துச் சட்டம் நடப்புக்கு வந்தது. அங்கீகாரமில்லாத வெளிநாட்டு உரிமத்தோடு ஓட்டினால் முதல் தடவை 2,000 முதல் 10,000 திர்ஹம் வரை அபராதம். மறுபடி பிடிபட்டால் சிறையும் உண்டு. "வேனை எடுத்துப்போய் சரக்கை இறக்கிவிட்டு வா தம்பி" என்று சாவியைக் கொடுக்கும் கடை முதலாளிகளே, யோசியுங்கள்! உரிமமில்லாதவர் ஓட்டி விபத்து நடந்தால், இன்சூரன்ஸ் கம்பெனி தான் கொடுத்த நஷ்டஈட்டை உங்களிடமே திரும்பக் கேட்கலாம்.

வளைகுடாவில் மட்டும்தான் இப்படியா? இல்லை. பிரிட்டனிலும் நம்மைப் போலவே இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள். அங்கேயும் இந்திய உரிமம் 12 மாதம்தான். பிறகு புதிதாகத் தேர்வு எழுத வேண்டும். சிங்கப்பூரில் 12 மாதத்திற்கு மேல் தங்குபவர் அந்நாட்டு உரிமம் பெற வேண்டும். அடிப்படை எழுத்துத் தேர்வில் தேறினால் கார் உரிமத்தை மாற்றிக்கொள்ள அங்கே வழியுண்டு.

இளைஞர்களே! தேர்வுக்கே போகாமல் புரோக்கரிடம் பணம் கொடுத்து அட்டை வாங்குகிறீர்களே, அது யாரை ஏமாற்றுவது? வலப்பக்கம் ஓடும் துபைச் சாலையில் தேர்வு அதிகாரி பக்கத்தில் உட்காரும்போது புரோக்கர் வரமாட்டார். ஊரிலேயே ஒழுங்காகப் பழகிக்கொண்டு போங்கள்.

பயணத்திற்கு முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் படிவம் 4ஏ கொடுத்து, 1,000 ரூபாய் கட்டி, சர்வதேச அனுமதியை வாங்குங்கள். அது ஓராண்டு வரைதான் செல்லும். வெளிநாட்டில் இருக்கும்போது காலம் முடிந்தால் இந்தியத் தூதரகம் வழியாகவே புதுப்பிக்க 2021 ஜனவரியில் வழி செய்யப்பட்டது.

இன்னொன்றையும் மறக்காதீர்கள். 2019 சட்டத் திருத்தத்தின்படி, ஊர் லைசென்ஸ் காலாவதியாகி ஓராண்டு கடந்தால் மறுபடி தேர்வு கொடுக்க வேண்டும். முன்பு இந்த அவகாசம் ஐந்தாண்டாக இருந்தது. காலாவதிக்கு ஓராண்டு முன்பே புதுப்பிக்கலாம் என்பதால், விடுமுறையில் வரும்போதே அந்த வேலையை முடித்துவிடுங்கள்.

நிரந்தரமாக ஊர் திரும்புகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. வெளிநாட்டு உரிமம் நடப்பில் உள்ளவருக்கு, மருத்துவத் தகுதி நிபந்தனைக்கு உட்பட்டு, ஓட்டுத் தேர்விலிருந்து விலக்களிக்க 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 9ஆம் பிரிவில் இடமுண்டு. கஷ்டப்பட்டு வாங்கிய அந்த அட்டையைக் காலாவதியாக விட்டுவிட்டு வராதீர்கள்.

சபருக்குத் தயாராகும் பிள்ளை வீட்டில் இருந்தால், இன்றிரவே அந்த லைசென்ஸை எடுத்துத் தேதியைப் பாருங்கள். போகும் நாட்டின் சட்டம் என்ன என்று, ஏஜெண்டிடம் அல்ல, அந்நாட்டுப் போக்குவரத்துத் துறையின் அறிவிப்பிலேயே தெரிந்துகொள்ளுங்கள்.