ஓநாய் மனிதனும் வாசகர் தீர்ப்பும்

ஒரு கதையைப் படித்து முடித்தவுடன் நாம் சொல்லும் முதற் சொல் யாது? "நன்றாயிருக்கிறது" என்போம், இல்லையேல் "நன்றாயில்லை" என்போம். அக்கதை நாம் முன்னரே விரும்பிப் படித்த ஒன்றன் தொடர்ச்சியாயின், "முதற் பாகம் போல் இல்லை" என்று இன்னொரு தீர்ப்பும் உடன் வரும். இத்தீர்ப்புக்கு எவ்வளவு மதிப்பு உண்டு? அதனை எவ்வாறு சொன்னால் பிறர்க்குப் பயன்படும்? இன்று இதைப் பற்றியே சில சொல்ல விரும்புகிறேன். அதற்கு எடுத்துக்காட்டாக ஒரு பழைய திகில் நாவலை எடுத்துக்கொள்கிறேன். அது மனிதன் ஓநாயாக மாறும் கதை.

ஆங்கில நாவலாசிரியர் ஜி. டபிள்யூ. எம். ரெயினால்ட்ஸ் 1814ஆம் ஆண்டில் பிறந்து 1879இல் மறைந்தவர். அவர் 1845-46ஆம் ஆண்டுகளில் ஃபாஸ்ட் என்பவனைப் பற்றி ஒரு தொடர்கதை எழுதினார். சாத்தானுடன் ஒப்பந்தம் செய்துகொண்ட ஃபாஸ்டின் கதை ஐரோப்பாவில் பலரும் அறிந்தது. அக்கதை முடிந்தபின், 1846 நவம்பரில் தம் பெயரிலேயே ஒரு வாரப் பத்திரிகையைத் தொடங்கி, முதல் இதழிலிருந்தே 'ஓநாய் மனிதன் வாக்னர்' என்னும் நாவலை வெளியிடலானார். இதழின் விலை ஒரு பென்னி. தொழிலாளரும் வேலைக்காரரும் கடைச் சிப்பந்திகளும் வாங்கிப் படித்த பத்திரிகை அது.

புதிய நாவலின் வாயிலிலேயே முந்திய கதையின் ஃபாஸ்ட் வந்து நிற்கிறான். 1516ஆம் ஆண்டு சனவரி மாதம், ஜெர்மனியின் கருங்காட்டு ஓரத்தில் ஒரு குடிசை, வெளியே புயல். உள்ளே வாக்னர் என்னும் 90 வயதுக் கிழவன் தனித்திருக்கிறான். அவனைப் பேணி வந்த பேத்தி ஆக்னெஸ் அவனை விட்டுப் போய்விட்டாள். அந்நேரத்தில் வந்த ஃபாஸ்ட், இளமையும் செல்வமும் கல்வியும் தருவதாகச் சொல்கிறான். விலை என்ன? ஒவ்வொரு மாதமும் கடைசி நாளில் சூரியன் மறைந்தது முதல் மறுநாள் உதிக்கும்வரை, வாக்னர் ஓநாயாக அலைய வேண்டும். கிழவன் இசைகிறான். இதன்பின் கதை இத்தாலியின் பிளாரன்சு நகருக்குச் செல்கிறது.

நான் ஓய்வு பெற்றபின், எங்கள் ஊர் நூலகத்தில் கல்லூரி மாணவர் சிலருடன் மாதம் ஒருமுறை அமர்ந்து படிப்பது வழக்கம். ஒரு முறை அவர்கள் இந்த நாவலைத் தேர்ந்தெடுத்தார்கள். அன்று எழுந்த கருத்துக்களை உங்கள்முன் வைக்கிறேன்.

ஒரு மாணவர் சொன்னார்: "ஐயா, ஓநாய் மனிதன் என்றால் முழுநிலவு நாளில் மாற வேண்டும், வெள்ளிக் குண்டால் சாக வேண்டும். இங்கே இரண்டும் இல்லை. ஏமாற்றமாயிருக்கிறது." இது நேர்மையான கருத்து. ஆனால், அவர் எதிர்பார்த்தவை எங்கிருந்து வந்தவை? முழுநிலவும் வெள்ளி ஆயுதமும் மக்கள் மனத்தில் பெரிதும் பதிந்தது 1941ஆம் ஆண்டிலும் 1943ஆம் ஆண்டிலும் வந்த ஹாலிவுட் திரைப்படங்களால். 1846இல் எழுதிய ஆசிரியர் அவற்றைப் பின்பற்றவில்லை என்று குறை கூறுவது, மாட்டுவண்டியில் விசிறி இல்லையே என்று குறை கூறுவதற்கு ஒப்பாகும். நூலிலே குறை காணுமுன், நம் எதிர்பார்ப்பு எங்கே பிறந்தது என்று பார்த்தல் வேண்டும். அம்மாணவரும் இதை ஒப்புக்கொண்டார்.

இன்னொருவர் சொன்னது இதனினும் கனமானது. "கதைத் தலைவன் ஓநாய். ஆனால் ஓநாய் வரும் அத்தியாயங்கள் மிகச் சில. கொள்ளையர் கதை வருகிறது; கன்னிமாடத்தின் கொடுமை வருகிறது; துருக்கிச் சுல்தானின் அமைச்சனாக உயரும் ஓர் இத்தாலிய இளைஞன் கதை வருகிறது. திகில் நீர்த்துப் போய்விட்டது" என்றார். இதனை மறுக்க என்னால் இயலவில்லை. காரணத்தை மட்டும் விளக்கினேன். வாரந்தோறும் ஒரு பென்னி கொடுப்பவன் அடுத்த வாரமும் கொடுக்க வேண்டுமாயின், பல கதைகளை ஒரே நேரத்தில் நடத்தி, ஒவ்வொன்றையும் இக்கட்டான இடத்தில் நிறுத்த வேண்டும். நூலாகச் சேர்த்துப் படிக்கும் நமக்குச் சுமையாகத் தோன்றுவது, வாரம் ஒருமுறை படித்தவனுக்குச் சுவையாக இருந்தது. காரணம் தெரிவதனால் குறை மறைந்துவிடுவதில்லை. ஆயினும் குறையின் அளவு நமக்கு விளங்குகிறது.

மூன்றாவதாகப் பேசியவர் ஒரு மாணவி. அவர் ஃபாஸ்டின் கதையைப் படித்தவரல்லர். "முதற் கதையை அறியாமலே இதனை நான் விளங்கிக்கொண்டேன். ஃபாஸ்ட் யார் என்று தெரியாதபோது அவன் வருகை இன்னும் அச்சம் தருகிறது. ஆனால், என்னை அதிகம் அஞ்சச் செய்தது ஓநாய் அன்று. வயது முதிர்ந்த ஒருவரைத் தனியே விட்டுச் சென்றால், கதவைத் தட்டுபவன் எவனாயினும் அவர் திறந்துவிடுவார் என்பதுதான்" என்றார்.

நான் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. நானும் முதுமையின் வாயிலில் நிற்பவன். பல நாவல்களைப் படித்தவன், பலர்க்குக் கற்பித்தவன் என்ற நினைப்பு எனக்கு உண்டு. அந்த மாணவி கண்டதை நான் காணவில்லை. பின்னர் சாத்தான் பன்முறை ஆசை காட்டியும் தன் ஆன்மாவை விற்க வாக்னர் மறுக்கிறான். முதலில் இசைந்தவன் பின்னர் ஏன் மறுக்கிறான் என்ற வினாவுக்கும் அவர் கருத்து விடை தந்தது. தனிமையில் இருந்தபோது அவன் இசைந்தான். அன்பு செலுத்த ஒருத்தி வந்தபின் மறுக்கும் வலிமை பெற்றான்.

பெரியோர் கருத்து எப்போதும் சரியாயிருக்கும் என்றும் எண்ணாதீர்கள். ரெயினால்ட்ஸ் இளமையில், சார்லஸ் டிக்கன்ஸ் எழுதிய பிக்விக் கதைக்கு, அவர் இசைவின்றியே, 1837-38இல் ஒரு தொடர்ச்சி எழுதினார். டிக்கன்ஸுக்கு அவர்மேல் வெறுப்பு உண்டானதில் வியப்பில்லை. கற்றோர் பலரும் ரெயினால்ட்ஸின் எழுத்தை இழிவாகவே கருதினர். ஆயினும் அவர் மறைந்தபோது, புத்தக வணிகர்களின் பத்திரிகை ஒன்று, காலத்தின் மிகப் புகழ்பெற்ற எழுத்தாளர் அவரே என்று எழுதியது. அவர் நாவல்கள் கடல் கடந்து இந்தியாவுக்கும் வந்தன. ஆரணி குப்புசாமி முதலியார் அவற்றுள் சிலவற்றைத் தமிழில் தழுவி எழுத, நம் பாட்டனார் காலத்தவர் ஆவலோடு படித்தனர். இன்று உலகம் டிக்கன்ஸைப் போற்றுகிறது. ரெயினால்ட்ஸை ஏறக்குறைய மறந்துவிட்டது. ஆகவே, விற்பனை மட்டும் தீர்ப்பாகாது. கற்றோரின் வெறுப்பு மட்டும் தீர்ப்பாகாது. படித்தவன் காரணத்தோடு சொல்லும் சொல்லே ஆராய்வதற்குரியது.

இதை நான் மிகத் தாமதமாகக் கற்றேன். ஆசிரியப் பயிற்சி முடித்து வேலையில் சேர்ந்த முதலாண்டில், வகுப்பில் ஒரு மாணவன் மேசைக்கடியில் பேய்க்கதை ஒன்றை வைத்துப் படித்துக்கொண்டிருந்தான். பறித்துக்கொண்டேன். அதனுள் அவன் குறிப்பேடும் இருந்தது. அக்கதையின் முதற் பாகத்தையும் இரண்டாம் பாகத்தையும் ஒப்பிட்டு நான்கு பக்கம் எழுதியிருந்தான். நான் செய்தது என்ன? அக்கதையை நான் படித்ததில்லை. எனினும் அது குப்பை என்று வகுப்பறிய அறிவித்தேன். குறிப்பேட்டில் சந்திப் பிழைகளையும் எழுத்துப் பிழைகளையும் சிவப்பு மையால் திருத்தி மறுநாள் கொடுத்தேன். அவன் கருத்தைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. பிழை திருத்தக் கற்றிருந்தேன். கருத்தைக் கேட்கக் கற்றிருக்கவில்லை. அதன்பின் அவன் கட்டளையிட்டதன்றி வேறெதையும் எனக்கு எழுதிக் காட்டியதில்லை. நான்கு பக்கம் தானே எழுதிய கை, என் வகுப்பில் அன்றோடு நின்றுவிட்டது. அந்த இழப்பை எந்த மதிப்பெண்ணாலும் ஈடு செய்ய முடியாது.

ஆகவே, மாணவர்களே, ஒரு தொடர்ச்சி நூலைப் பற்றிக் கருத்துச் சொல்லுமுன் மூன்று வினாக்களை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். முன்னைய கதை வகுத்த விதிகளை இது காக்கிறதா? முன்னையது கேளாத புதிய வினா ஒன்றை இது கேட்கிறதா? முன்னையதைப் படியாதவனும் இதனால் பயன் பெறுவானா? இம்மூன்றுக்கும் நூலிலிருந்தே இடம் காட்டி விடை சொல்லுங்கள். பிறகு "பிடித்தது" என்றாலும் "பிடிக்கவில்லை" என்றாலும், அந்தச் சொல்லுக்கு மதிப்பு உண்டு.

படியாத நூலைப் பற்றி யாரேனும் தீர்ப்புக் கூறினால், அவர் உங்கள் ஆசிரியராகவே இருந்தாலும், "ஐயா, தாங்கள் படித்தீர்களா?" என்று பணிவுடன் கேளுங்கள். அன்று அந்த மாணவன் என்னை அவ்வாறு கேட்டிருந்தால், எனக்குக் கோபம் வந்திருக்கும். ஆனால் இரவில் அந்தக் கதையைப் படித்திருப்பேன்.