சம்புவராயர் என்னும் பெயர்

(அடி அண்ணாமலையில் கூடிய நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மலைவலம் வருவோர் சற்றே இளைப்பாறிச் செல்லும் இவ்வூரில் நின்று பெயர்களைப் பற்றிப் பேசுவது பெரிதும் பொருத்தமாகும். இவ்வூரின் பெயரையே நோக்குங்கள். மலையடியில் இருத்தலின் அடி அண்ணாமலை என்பர் சிலர். பழமை பற்றி ஆதி அண்ணாமலை என்பர் சிலர். அணி அண்ணாமலை என்பாரும் உளர். ஓரெழுத்து மாறப் பொருளும் வரலாறும் மாறிவிடுகின்றன. ஊர்ப்பெயர்க்கே இத்தகைய நிலையெனின், பல நூற்றாண்டுகளாகப் பலர் வாயிலும் வழங்கிவந்த குடிப்பெயரைப் பற்றி எத்துணை எச்சரிக்கையுடன் பேசல் வேண்டும்!

இப்பொருளை நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் ஒன்றுண்டு. சில மாதங்களுக்கு முன், நம்மவருள் ஓர் இளைஞர் தமது திருமண அழைப்பிதழில் தம் பெயரின் பின்னே "சம்புவராயர்" என்று அச்சிட்டிருந்தார். அவருடைய பாட்டியார் அதனைப் படிக்கக் கேட்டு, "மாப்பிள்ளையின் பெயரைச் சொல்லாமல் வேறு யார் பெயரையோ சொல்லுகிறீர்களே!" என்றாராம். பின்னர் அவ்விளைஞர் என்னிடம் வந்து, "ஐயா, இப்பெயர் நமக்கு உரியதா, அன்றா?" என்று வினவினார். அன்று விடை கூறாது காலம் கேட்டேன். இன்று கூறுகின்றேன்.

முதற்கண் சொல்லின் பொருளைக் காண்போம். சம்பு என்பது சிவபெருமானுக்குரிய பெயர்களுள் ஒன்று. இன்பம் அளிப்பவன் என்பது அதன் பொருள். அரசன் என்னும் சொல்லே அரையன் என வழங்கும். பழுவேட்டரையர், முத்தரையர் என்னும் பழம்பெயர்களில் அதனைக் காணலாம். ராயன் என்பதும் அரசன் என்னும் பொருளதே. ஆகவே சம்புவராயர் என்பதற்குச் சம்புவின் பெயர் தாங்கிய அரசர் எனப் பொருள் கொள்ளலாம். வன்னிய புராணம் கூறும் சம்பு முனிவரின் வேள்வியோடு இப்பெயரைப் பொருத்துவாரும் உளர். புராணத்தைப் போற்றுவோம், எனினும் வரலாற்றுக்குக் கல்வெட்டே சான்று.

கல்வெட்டுக்களில் இப்பெயர் தனித்து நில்லாது. செங்கேணி என்னும் குடிப்பெயர் முன்னே வரும். அம்மையப்பன், அத்திமல்லன் முதலிய இயற்பெயர்கள் தொடரும். பின்னர், தாம் பணிந்து நின்ற சோழ மன்னரின் பெயரையும் சேர்த்து விக்கிரம சோழச் சம்புவராயன், குலோத்துங்க சோழச் சம்புவராயன் என முடியும். பெயரின் அமைப்பே இஃது ஓர் அரச பட்டம் என்பதைக் காட்டுகின்றது. இக்காலத்தே தந்தையிடமிருந்து மகனுக்குத் தானே இறங்கும் குடும்பப் பெயர் போன்றதன்று அது.

அப்பட்டம் தாங்கியோர் யாது செய்தனர்? காஞ்சிபுரத்தை அடுத்த ஆர்ப்பாக்கத்துக் கல்வெட்டு ஒரு செய்தி கூறுகின்றது. 12-ஆம் நூற்றாண்டில், இரண்டாம் இராசாதிராசன் ஆட்சியில், ஈழப்படை பாண்டி நாட்டுட் புகுந்து இராமேச்சுரத்துக் கோயிலுக்கும் இடுக்கண் விளைத்தது. அதுகேட்டு எதிரிலி சோழச் சம்புவராயர் என்பார் உமாபதி தேவர் என்னும் பெரியாரை அடைந்து, இத்துன்பம் நீங்க வழிபாடு இயற்றுமாறு வேண்டினார். தேவர் 28 நாள் வழிபட்டார். பகைவர் தோற்றோடிய செய்தி வந்த பின்னர், ஆர்ப்பாக்கம் என்னும் ஊரே அவர்க்குக் கொடையாக அளிக்கப்பெற்றது. தம் ஊர்க்கு நேராத துன்பத்தையும் தமதாகக் கருதினார் என்பதே ஈண்டு நாம் கொள்ளத்தக்கது.

1279-ஐ ஒட்டிச் சோழப் பேரரசு மறைந்தது. 1311-இல் மாலிக் காபூரின் படையெடுப்பால் பாண்டி நாடு நிலைகுலைந்தது. அக்குழப்பத்தினூடே சம்புவராயர் தனியரசராயினர். வென்று மண்கொண்டான் சம்புவராயனும் அவனுக்குப் பின் இராசநாராயணச் சம்புவராயனும் நம் மாவட்டத்துப் படைவீட்டைத் தலைநகராகக் கொண்டு, சகலலோகச் சக்கரவர்த்தி என்னும் விருதும் தாங்கி ஆண்டனர். 1360-ஐ ஒட்டிய ஆண்டுகளில் விசயநகரத்துக் குமார கம்பணன் படையெடுத்து வந்தபொழுது அவ்வரசு வீழ்ந்தது. கம்பணனின் தேவி கங்காதேவி இயற்றிய மதுரா விசயம் என்னும் வடமொழிக் காவியத்தில், இவரே சம்பராயர் எனக் குறிக்கப்பெறுகின்றனர்.

இனி, இப்பெயர் ஏன் இத்துணை அரிதாயிற்று? மழவராயர் என்னும் பட்டம் அரியலூர் சமீன்தாரரிடத்தும், கச்சிராயர் என்பது முகாசாபரூர் சமீன்தாரரிடத்தும் அண்மைக் காலம்வரை விளங்கின. அவர்கள் கையில் பாளையமும் நிலமும் இருந்தன. நிலம் இருந்தமையால் பத்திரங்கள் இருந்தன. பத்திரங்களில் பட்டம் உயிர் வாழ்ந்தது. சம்புவராயர் அரசோ, பாளையங்கள் ஏற்படுமுன்னரே மறைந்தது. தாங்கி நிற்க நிலமில்லாத பட்டம் கல்லிலே நின்றுவிட்டது. பெயரின் அருமைக்கு இதுவே காரணம் என்பது என் கருத்து. அன்றியும், தந்தை பெயரின் முதலெழுத்தை மட்டும் முன்னே இடும் வழக்கம் நம் நாட்டில் வேரூன்றிவிட்டது. 1929-ஆம் ஆண்டு பிப்ரவரியில் செங்கற்பட்டிற் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைத் துறக்குமாறு தீர்மானித்தது. நாளடைவில் பட்டம் இடுதலே தமிழ்நாட்டில் அருகிற்று.

மற்றொன்றும் மறைக்காமற் சொல்லல் வேண்டும். பட்டம் எக்குலத்துக்கும் தனியுடைமையன்று. பல்லவராயர், மழவராயர் என்னும் பட்டங்கள் தஞ்சை, புதுக்கோட்டைச் சீமைகளிற் கள்ளர் மரபினரிடத்தும் உள்ளன. முதலாம் இராசராசனின் சேனாபதியாகிய கிருஷ்ணன் இராமன் என்னும் அந்தணரும் மும்முடிச் சோழ பிரமராயர் எனப் பட்டம் பெற்றவரே. ஆதலின், பட்டம் ஒத்தார் அனைவரும் ஒரு குருதியினர் என்பதும், பட்டம் இல்லாதார் தாழ்ந்தோர் என்பதும் பிழையாகும்.

நம் காலத்திலேயே இப்பெயர் மீண்டும் எழுந்து மறைந்ததை நீங்கள் அறிவீர்கள். 1989-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-இல் வட ஆற்காடு இரண்டாகப் பிரிந்தபொழுது, நம் பகுதி "திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம்" எனப் பெயர் பெற்றது. 1997-இல், தென் மாவட்டங்களில் தலைவர் பெயர் சூட்டுவது பற்றிச் சாதிப் பூசல்கள் மூண்டன. அவற்றையடுத்து, மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் இட்டிருந்த தலைவர் பெயர்களையெல்லாம் அரசினர் நீக்கினர். நம் மாவட்டப் பெயரும் சுருங்கிற்று. நம்மிற் பலர் வருந்தினர்; நானும் வருந்தினேன். ஆயினும், பெயரின்பொருட்டு உயிர்கள் மாயுமெனின், பெயர் மாய்வதே நன்று என்று பின்னர்த் தெளிந்தேன்.

அண்ணாமலையார் கோயிலின் ஒரு வழக்கத்தை நினைவூட்டுகின்றேன். சம்புவராயர் காலத்திலேயே திருவண்ணாமலையில் வீற்றிருந்த போசள மன்னன் மூன்றாம் வல்லாளனுக்கு மகப்பேறு இல்லை என்றும், இறைவனே மகனாக நின்றான் என்றும் தலபுராணம் கூறும். இன்றும் மாசி மகத்தன்று அண்ணாமலையார் பள்ளிகொண்டாப்பட்டுக்கு எழுந்தருளி அம்மன்னனுக்குத் திதி கொடுக்கின்றார். அவன் பெயர் ஆண்டுதோறும் ஊரறிய ஒலிப்பது, அவன் வழியினர் எவரும் அதனைத் தம் பெயரோடு ஒட்டிக்கொண்டமையால் அன்று.

ஆகவே, அவ்விளைஞர்க்கு என் விடை இது: தம்பீ, உங்கள் வீட்டுப் பழம்பத்திரத்தில் இப்பெயர் இருப்பின், அதனைக் கரையான் அரிக்காமற் காத்து, படியெடுத்துச் சங்கத்துக்கு அளியுங்கள். இல்லையெனின் நூலிற் கண்ட பெயரைச் சூடிக்கொள்ள வேண்டா. அவர்கள் பெயர் பொறித்த கற்கள் நம் ஊர்க் கோயில்களில் உள்ளன. அவற்றின்மேல் சுண்ணாம்பு பூசுவோரைத் தடுங்கள். எழுத்தறிந்தாரைக் கொண்டு படிக்கச் செய்யுங்கள். உங்கள் பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டுங்கள். பாட்டியார் வைத்த பெயரோடு இவற்றைச் செய்தாற் போதும்; அப்பெயரே உங்களுக்குப் பட்டமாகும்.