பெட்டகமும் கணினியும்

 

எர்ணாவூர் மக்களுக்குப் பெட்டகம் புதிதன்று. கண்டெய்னர் லாரிகள் இரவு பகலாக நம் சாலையில் செல்லுகின்றன. 1956-ஆம் ஆண்டு அமெரிக்காவின் நெவார்க் துறைமுகத்திலிருந்து 58 பெட்டகங்களுடன் ஒரு கப்பல் புறப்பட்டது. சென்னைத் துறைமுகத்தில் 1983-இல் பெட்டக முனையம் அமைந்தது. உள்ளே எச்சரக்கு இருப்பினும் வெளிப்பெட்டி வரையறுத்த அளவினது; ஆகவே எப்பெட்டகக் கப்பலும் அதனை ஏற்கும்.

இம்முறையையே கணினித் துறையும் கைக்கொண்டது. 2013-இல் வெளிவந்த டாக்கர் என்னும் மென்பொருள், ஒரு செயலியையும் அதற்கு வேண்டிய துணைக் கோப்புகளையும் ஒரே பெட்டகமாக்கி இயக்குகிறது. ஆங்கிலத்தில் டாக்கர் என்பது துறைமுகத் தொழிலாளியைக் குறிக்கும் சொல். நம் தந்தையர் பலர் செய்த தொழிலின் பெயர் அது!

இதனை நாம் ஏன் கற்க வேண்டும்? நம் மாலை வகுப்பின் வினாத்தாள்களை ஒரு நிறுவனத்தின் இலவசச் சேமிப்பில் வைத்திருந்தோம். கடவுச்சொல் ஒருவரிடமே இருந்தது. அவர் வெளியூர் சென்றார், கணக்கு மூடப்பட்டது, பல ஆண்டு உழைப்பு அழிந்தது. 1893-இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழையும், 1907-இல் அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' இதழையும் தொடங்கினர். தம் மக்களின் சொல் பிறர் தயவில் நிற்கலாகாது என்பதே அவர்தம் செயல் காட்டும் பாடம்.

தொடங்கும் வழி எளிது. நான்கு ஜிபி நினைவகமுள்ள பழைய கணினி ஒன்று போதும். அதில் டெபியன் லினக்ஸை நிறுவி, பின்னர் டாக்கரை நிறுவுக. முதல் பெட்டகமாகக் கிவிக்ஸை இயக்குக. தமிழ் விக்கிப்பீடியாக் கோப்பை ஒருமுறை இறக்கி வைத்தால், இணையம் இன்றியே நம் வைஃபையில் பிள்ளைகள் கைப்பேசியில் படிக்கலாம்.

நான்கு செய்திகளை மறவாதீர். பெட்டகத்தை நீக்கினால் அதனுள் எழுதியவையும் அழியும். ஆதலின் தரவுகளை வெளியே தனிக் கோப்புறையில் வைத்து, வேறொரு வட்டிலும் படி எடுங்கள். கப்பல் நிற்கும் ஒரே இடத்தில் இரு கப்பல்கள் ஒருங்கே நில்லா. ஆகவே ஒரு பெட்டகத்திற்கு 8080 என்னும் வாயில் எண்ணைத் தந்தால், மற்றதற்கு 8081 தருக. பழகும் வரை வெளி இணையத்திற்கு ரவுட்டரில் வழி திறவாதீர். அமைப்பு முழுவதையும் கம்போஸ் கோப்பில் எழுதி வையுங்கள். இயந்திரம் பழுதாயினும், அக்கோப்பும் தரவுப் படியும் இருப்பின் வேறொரு கணினியில் மீண்டும் எழுப்பலாம்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். கடவுச்சொல்லும் செய்முறையும் சங்கத்தின் பதிவேட்டில் இருக்கட்டும். குறைந்தது மூவர் கற்கட்டும். அவருள் ஒருவரேனும் பெண்ணாய் இருக்கட்டும். ஒருவர் ஊர் மாறினாலும் நம் நூலகம் மூடப்படலாகாது.