கேட்கிறது, விளங்கவில்லை

ஓய்வுபெற்ற முதியவர் ஒருவர் விறாந்தையிலே சாய்மனைக் கதிரையில் இருந்தவாறு வானொலியிற் காலைச் செய்தி கேட்கிறார். ஒரு சொல்லும் தவறுவதில்லை. அன்றைய நாணய மாற்று வீதத்தைக்கூட மறுபடி எடுத்துச் சொல்லுவார். அன்று மாலை அவரே உறவினர் வீட்டுக் கலியாணத்துக்குப் போகிறார். ஒருபுறம் மேளமும் நாகசுரமும். ஒருபுறம் சிறுவர் கூச்சல். பந்தியிலே பாத்திரங்களின் ஓசை. மருமகள் அருகில் வந்து, "பால் வேணுமோ, மாமா?" என்று கேட்கிறாள். "கால் இப்ப நோகுதில்லை, பிள்ளை" என்று அவர் விடை சொல்லுகிறார். சுற்றி நின்றோர் சிரிக்கின்றனர். "வானொலி மாத்திரம் நன்றாய்க் கேட்கும், நாங்கள் சொல்லுவதுதான் கேளாது" என்று வீட்டுக்கு வந்தபின் ஒருவர் முணுமுணுக்கிறார். வீடு அமைதியாக இருப்பதால் அச்சொல் முதியவருக்குத் தெளிவாகவே கேட்டுவிடுகிறது.

இத்தகையவர் செவி வைத்தியரிடம் போனால், ஒலி புகாத சிறு அறையில் இருத்தி, தாழ்ந்த ஒலியும் உயர்ந்த ஒலியுமாக ஒவ்வொன்றாய்க் கேட்கச் செய்து சோதிப்பர். பலருக்குக் குறை தென்படும். சிலருக்கோ செவி ஏறத்தாழ இயல்பாகவே இருக்கும். ஆயினும் இரு திறத்தாரும் ஒரே முறைப்பாட்டைத்தான் சொல்லுவர்: "கேட்கிறது, விளங்கவில்லை." இம்முறைப்பாட்டின் உட்பொருளை விளங்கிக்கொள்ள வேண்டுமாயின், காதோடு நின்றுவிடாது காதுக்கு அப்பாலும் செல்லவேண்டும்.

முதலிற் காதை நோக்குவோம். செவிப்பறையின் அதிர்வை மூன்று சிற்றென்புகள் உட்செவிக்குக் கடத்துகின்றன. அங்கே நத்தையின் ஓடு போலச் சுருண்ட ஓர் உறுப்புண்டு. அதனுள் ஏறத்தாழ 15,000 மயிர்க்கலங்கள் வரிசையாய் நின்று அதிர்வை நரம்புக்குரிய மின்குறிகளாக மாற்றுகின்றன. உயர்ந்த மீடிறனுக்குரிய கலங்கள் சுருளின் வாயிலிலே இருக்கின்றன. முதுமையில் முதலில் அழிபவையும் அவையே. மனிதருக்கு அவை மீண்டும் முளைப்பதில்லை. உயிரொலிகளின் வலிமை பெரும்பாலும் தாழ்ந்த மீடிறன்களிலும், வல்லின மெய்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டும் நுட்பம் பெரும்பாலும் உயர்ந்த மீடிறன்களிலும் உள்ளமையால், முதியவருக்குப் பேச்சின் உடல் கேட்கும். அதன் விளிம்பு மழுங்கிப்போகும். 60 வயதைக் கடந்தோருள் நூற்றுக்கு 65 பேருக்கு மேல் ஏதோ ஓர் அளவிற் செவிக்குறை உண்டென உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது.

1955இல் அமெரிக்காவில் ஜோர்ஜ் மில்லரும் பற்றீசியா நைஸ்லியும் இரைச்சலினூடே மெய்யொலிகளைக் கேட்கச் செய்து, எவை எவற்றோடு மயங்குகின்றன என்று கணக்கெடுத்தனர். இதழிற் பிறப்பதா, பல்லிற் பிறப்பதா, அண்ணத்திற் பிறப்பதா என்னும் பிறப்பிட வேறுபாடே இரைச்சலில் எளிதாக அழிந்துபோகிறதெனக் கண்டனர். அவர்கள் ஆராய்ந்தது ஆங்கில ஒலிகளை. எனினும் பகரமும் ககரமும் பிறப்பிடத்தால் வேறுபடும் ஒலிகளாதலின், பால் என்பது கால் ஆனதில் வியப்பொன்றுமில்லை.

ஆயினும் அக்கலியாண வீட்டில் இளைஞருக்கும் அதே இரைச்சல்தானே? அவர்கள் எவ்வாறு விளங்கிக்கொள்கின்றனர்? இவ்வினாவுக்கு விடை மூளையிலே இருக்கிறது. 1953இல் கொலின் செரி என்னும் ஆங்கில அறிஞர், ஒருவரின் இரு காதுகளிலும் வெவ்வேறு பேச்சை ஒலிக்கச் செய்து, ஒன்றை மாத்திரம் உடனுக்குடன் திருப்பிச் சொல்லுமாறு பணித்தார். கேட்டோர் அதனை எளிதிற் செய்தனர். மற்றைக் காதில் ஒலித்த பேச்சு இடையிலே ஆங்கிலத்தை விட்டு ஜேர்மன் மொழிக்கு மாறியதைக்கூட அவர்கள் கவனிக்கவில்லை. அஃதாவது, காதுக்கு வாயில் உண்டேயன்றிக் கதவு இல்லை. வேண்டாத ஒலியைத் தடுத்து நிறுத்தும் கதவு மூளையிலேதான் இருக்கிறது.

அக்கதவு முதுமையில் தளர்கிறது. நரம்புக் கலங்களின் எழுச்சியை அடக்கும் காபா என்னும் இரசாயனப் பொருளொன்று மூளையில் உண்டு. கேள்விக்குரிய நடுமூளைப் பகுதியில் இப்பொருள் வயதோடு குறைவது முதிய எலிகளில் 1990ஆம் ஆண்டளவிலே கண்டறியப்பட்டது. அடக்கும் பொருள் குறைந்தால் ஒரு குறி ஓய்வதற்கு முன் மற்றைக் குறி வந்து மோதும். கால நுட்பம் கெடும். பேச்சிற் கால நுட்பம் எவ்வளவு இன்றியமையாதது என்பதற்குத் தமிழிலேயே சான்று உண்டு. 'எடு' என்பதற்கும் 'எட்டு' என்பதற்கும் இடையிலுள்ள வேறுபாட்டிற் பெரும்பகுதி, நாவு அண்ணத்தைத் தொட்டு ஒலியை அடைத்து நிற்கும் நேரந்தான். ஒலியிடையே வரும் வெறுமையை இளஞ்செவியினர் ஒரு வினாடியின் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்களவிலேயே உணர்ந்துவிடுவர். முதியோருக்கு அதனினும் நீண்ட இடைவெளி வேண்டியிருக்கிறது. ஒலிகளைக் கேட்கும் திறன் குறையாத முதியோருக்குங்கூட.

இவ்வுண்மையை இன்னும் நேராகக் காட்டியது 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வு. அமெரிக்காவின் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தில் பிரெசாக்கோ, சைமன், அண்டர்சன் என்னும் மூவர், செவிச் சோதனையில் இயல்பான கேள்வியுடையோர் எனக் கண்ட இளைஞரையும் முதியோரையும் தெரிந்தெடுத்தனர். முதியோர் 61க்கும் 73க்கும் இடைப்பட்ட வயதினர். ஒருவர் பேச, அவரோடு போட்டியாக மற்றொருவர் பேசும் ஒலியையும் கேட்கச் செய்து, மூளையின் மின்குறிகளையும் காந்தக் குறிகளையும் பதிவு செய்தனர். முதியோர் பேச்சை விளங்குவதிற் பின்தங்கினர். அவர்தம் நடுமூளையிற் பேச்சின் பதிவு மங்கலாய் இருந்தது. மூளையின் மேற்பட்டையிலோ அதற்கு மாறாக அளவுக்கு மிஞ்சிய எழுச்சி காணப்பட்டது. கீழிருந்து தெளிவற்ற செய்தி வர, மேலே உள்ளது மிகையாய் உழைக்கிறது. அவ்வுழைப்புத் தெளிவைத் தரவுமில்லை.

காதும் குற்றமற்றதென்று கூறிவிட முடியாது. 2009இல் பொஸ்ரன் நகரில் குஜாவா, லிபர்மன் என்போர், பேரொலிக்கு உட்பட்ட சுண்டெலிகளில் மயிர்க்கலங்கள் அழியாதிருக்கவே அவற்றை நரம்போடு இணைக்கும் பொருத்துகள் அழிவதைக் கண்டனர். தனியொலிச் சோதனையில் அக்குறை தென்படுவதில்லை. காதில் எங்கே முடிந்து மூளையில் எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிப்பது அத்துணை எளிதன்று.

வகுப்பறையிற் சொல்வதெழுதலின்போது நிகழ்வது யாவரும் அறிந்தது. ஒரு சொல்லிலே தடுமாறி நின்ற மாணவன், அதனை எழுதி முடிப்பதற்குள் அடுத்த மூன்று சொற்களை இழந்துவிடுவான். முதியவரின் மூளையும் அவ்வாறே தடுமாறுகிறது. 1968இல் பற்றிக் றபிற் என்னும் உளவியலாளர், இரைச்சலினூடே சரியாகக் கேட்டறிந்த சொற்களுங்கூடப் பின்னர் நினைவிற் குறைவாகவே தங்குவதைக் காட்டினார். கேட்பதற்கே முயற்சி முழுவதும் செலவானால், நினைவில் வைப்பதற்கு என்ன மிஞ்சும்? "இப்போதுதானே சொன்னேன், அதற்குள் மறந்துவிட்டீர்களா?" என்று கடிந்துகொள்வோர் இதனை எண்ணிப் பார்ப்பது நன்று. அது மறதியாக இல்லாமலும் இருக்கலாம்.

முதியோருக்கு ஒரு பெருஞ்செல்வம் உண்டு; அது சொல்வளமும் உலக அனுபவமும். விடுபட்ட சொல்லை இடம்நோக்கி நிரப்பிக்கொள்வதில் அவர்கள் இளைஞருக்குச் சளைத்தவரல்லர். கலியாண வீட்டு முதியவர் சொன்ன விடையும் மூடத்தனமானதன்று. பல நாளாகக் கால்நோவினால் வருந்துபவரிடம் வருவோரெல்லாம் காலைப் பற்றியே விசாரித்தனர். அரைகுறையாய் வந்த ஒலியை அவர் மூளை அதற்கேற்ப நிறைவு செய்தது. மருமகள், "குடிக்க ஏதும் தரட்டோ?" என்று முதலிற் கேட்டுப் பின்னர்ப் பாலைச் சொல்லியிருந்தால், அவர் தவறியிருக்கமாட்டார்.

உரத்துக் கூவுவதனாற் பயன் சிறிது. உட்செவி பழுதுற்றோருக்கு மெல்லொலி கேளாது. ஒலி சற்று உயர்ந்தவுடனே வேதனை தரும் இரைச்சலாகிவிடும். "கேட்கவில்லை" என்றவரே அடுத்த கணம் "ஏன் கத்துகிறாய்?" என்று சினப்பது இதனாலேயாம். முன்னால் வந்து, முகத்தில் வெளிச்சம் படநின்று, சற்று நிறுத்தி நிறுத்திச் சொல்லுவதே உதவும்.

சிரிப்புக்கு அஞ்சிய முதியவர் அடுத்த கலியாணத்துக்குப் போகமாட்டார். பிறகு கோயிலுக்கும் போகமாட்டார். செவிக்குறையுள்ள முதியோருக்கு மனமழிநோய் வரும் அபாயம் கூடுதலென்று பல ஆய்வுகள் காட்டியுள்ளன. ஒன்று மற்றதற்குக் காரணமா, இரண்டும் ஒரே தேய்வின் விளைவா என்னும் வழக்குத் தீரவில்லை. 2023இல் அமெரிக்காவில் 70 முதல் 84 வயது வரையுள்ள 977 பேரிடம் நடத்திய சோதனையில், செவித்துணைக் கருவியும் பயிற்சியும் பெற்றோருக்கும் பெறாதோருக்கும் மொத்தத்தில் வேறுபாடு தோன்றவில்லை. எனினும் அவர்களுள் மூளைத்தேய்வின் அபாயம் மிகுந்த பிரிவினரிடம், மூன்றாண்டுகளில் அறிவுத்திறனின் வீழ்ச்சி நூற்றுக்கு 48 வீதம் மந்தமாயிற்று.

கருவி வாங்கியோர் பலர் ஒரு கிழமைக்குள் அதனை அலுமாரியில் வைத்துவிடுகின்றனர். நெடுங்காலம் கேளாதிருந்த ஒலிகள் யாவும், மின்விசிறியின் இரைச்சலும் செருப்பின் ஓசையும் உட்பட, ஒருங்கே வந்து மோதுவதால் எரிச்சல் உண்டாவது இயல்பே. எவை வேண்டியவை, எவை வேண்டாதவை என்று மூளை மீண்டும் பழகிக்கொள்ளச் சில கிழமைகளேனும் செல்லும். முதலில் அமைதியான அறையில் ஒருவரோடு மாத்திரம் பேசி, பிறகு வானொலி, அதன்பின் வீட்டார் கூடியிருக்கும் வேளை, கடைசியாகக் கலியாண வீடு என்று படிப்படியாய்ச் செல்லுமாறு வைத்தியர் கூறுவர்.