சத்தமும் சக்தியும்



சம்பளம் போட்ட மறுநாள் பட்டணத்து மோட்டார் சைக்கிள் கடைகளின் முன்னால் நம் தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்க்கலாம். ஒருவர் டயர் மாற்ற வந்திருப்பார். ஒருவர் செயின் மாற்ற வந்திருப்பார். எக்சோஸ் மாற்ற வந்தவரும் அங்கே நிச்சயம் இருப்பார். வண்டியோடு வந்த புகைக்குழாயைக் கழற்றிவிட்டுப் பளபளப்பான வேறொன்றைப் பூட்டிக்கொள்வார். பணம் போதாதவர் பழைய குழாயின் வயிற்றை அறுத்து, உள்ளே இருக்கும் தகடுகளை எடுத்துவிட்டு மறுபடி ஒட்டவைத்துக்கொள்வார். வண்டி கத்தும். கத்துகிற வண்டிதான் ஓடும் என்பது அவர்கள் கணக்கு.

அந்தக் கணக்கு எவ்வளவு தூரம் சரி என்று இன்று பார்ப்போம். இது பிள்ளைகளைத் திட்டுவதற்கான பேச்சு அன்று. வண்டி ஓட்டும் பிள்ளைகளும், அந்த வண்டிக்குத் தவணை கட்டும் தாய் தந்தையரும் சேர்ந்து உட்கார்ந்து கேட்டால் நமக்கு மகிழ்ச்சி.

புகைக்குழாய் என்ற பெயரே நம்மை ஏமாற்றிவிடுகிறது. அடுப்படிக் கூரையில் புகை போக ஓட்டை வைப்பதுபோல இதையும் ஓர் ஓட்டை என்று நினைத்துவிடுகிறோம். ஓட்டை பெரிதானால் புகை சுலபமாகப் போகும், வண்டிக்கு மூச்சுத் திணறாது என்று தோன்றுகிறது. இதில் பாதி உண்மை. மறுபாதியில்தான் சங்கதியே இருக்கிறது.

எஞ்சினுக்குள் பெட்ரோலும் காற்றும் எரிந்ததும், எரிந்த புகை ஒரே சீராக வழிந்து வெளியே போவதில்லை. பறையை அடிப்பதுபோல அடி அடியாகப் போகிறது. ஒவ்வோர் அடியும் ஓர் அழுத்த அலை. அது குழாய் வழியே ஓடி வெளிக்காற்றைத் தொட்டதும், அதில் ஒரு பகுதி உறிஞ்சும் அலையாக மாறித் திரும்பி வருகிறது. கிணற்றில் கூவினால் குரல் திரும்புகிறதே, அதுபோல. திரும்பி வரும் அலை சரியான நேரத்தில் எஞ்சினின் வாசலை அடைந்தால், உள்ளே மிச்சமிருக்கும் புகையையும் இழுத்துக்கொள்ளும். புதுக்காற்று நிறைய நுழையும். நேரம் தவறி வந்தாலோ, போகிற புகைக்கே அது தடையாகிவிடும். ஊஞ்சலில் பிள்ளையை வைத்துத் தள்ளும் தாய்மாருக்கு இது புரியும். ஊஞ்சல் பின்னால் வந்து திரும்பும் நொடியில் தள்ளினால் உயரப் போகும். எதிரே வரும்போது தள்ளினால் கைதான் வலிக்கும்.

நாம் பயிற்சிக் கல்லூரியில் இருந்தபோது, தண்ணீரில் ஒரு குழாயை நிறுத்தி, மேலே இசைக்கவையைத் தட்டிப் பிடித்துச் சோதனை செய்தோம். குழாயைச் சிறிது சிறிதாக உயர்த்திக்கொண்டே போனால், ஒரு குறிப்பிட்ட நீளத்தில் மட்டும் ஓசை ‘ங்ங்’ என்று பெருகும். அரை அங்குலம் தள்ளினால் அடங்கிவிடும். நாதசுவரத்தின் நீளம் மாறினால் சுருதி மாறும் என்பது கோயில் மேளக்காரர்களுக்குத் தெரிந்ததுதான். எக்சோஸும் அவ்வாறு சுருதி சேர்த்த ஒரு குழாய்.

இது டூ ஸ்ட்ரோக் வண்டிகளில் இன்னும் தெளிவாகத் தெரியும். 1980களின் நடுவில் வந்த யமஹா ஆர்எக்ஸ்இசட்டை நம்மவர் பலரும் அறிவர். அத்தகைய எஞ்சினில் புகையை அடைத்துத் திறக்கும் வால்வு கிடையாது. சிலிண்டர் சுவரில் இருக்கும் வாசல் வழியே புகை போகும்போது, எரியாத புதுப் பெட்ரோலும் கூடவே தப்பி ஓடிவிடும். அதைத் தடுக்கத்தான் குழாயின் நடுவில் அந்த வயிறு. விரிந்துகொண்டே போகும் முன்பாகம் புகையை இழுக்கிறது. சுருங்கிக்கொண்டே வரும் பின்பாகம் அலையைத் திருப்பியடித்து, தப்பிய பெட்ரோலை மறுபடியும் உள்ளே தள்ளுகிறது. நிமிடத்துக்கு 9,000 சுற்றில் எஞ்சின் ஓடினால், நொடிக்கு 150 முறை இது நடக்க வேண்டும். வாசல் திறந்து மூடும் நேரம், ஒரு நொடியை 300 பங்கு செய்தால் ஒரு பங்கு அளவுதான். சூடான புகையில் அலை நொடிக்குச் சுமார் 500 மீட்டர் ஓடும். ஆக, போய்வர சுமார் 160 சென்டிமீட்டர். வாசலிலிருந்து பின்பாகத்துக்குச் சுமார் 80 சென்டிமீட்டர் இருக்கலாம். வீட்டில் படிக்கிற பிள்ளைகள் இருந்தால் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும். வெட்டி ஒட்டும்போது பத்து சென்டிமீட்டர் குறைந்துவிட்டால் என்ன ஆகும் என்பதையும் அவர்களே சொல்லிவிடுவார்கள்.

இந்த வித்தையைச் சீராக ஆராய்ந்தவர், கிழக்கு ஜெர்மனியில் எம்இசட் என்ற மோட்டார் சைக்கிள் கம்பெனியில் வேலை பார்த்த வால்டர் காடன் என்ற பொறியாளர். பெரிய பணவசதி இல்லாத பந்தயப் பிரிவு அது. இருந்தும், 1961-இல் அவருடைய 125 சிசி எஞ்சின் சுமார் 25 குதிரைச் சக்தி கொடுத்தது. அக்காலத்தில் அது பெரிய அதிசயம். அதே ஆண்டு அவருடைய பந்தய ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர், சுவீடனில் நடந்த பந்தயத்தின்போது மேற்கு நாட்டுப் பக்கம் தப்பிச் சென்று, அந்த இரகசியத்தோடு ஜப்பானின் சுசுகி கம்பெனியில் சேர்ந்தார். மறு ஆண்டே 1962-இல் சுசுகிக்கு 50 சிசி உலகப் பட்டம் கிடைத்தது. ஒரு குழாயின் வடிவத்துக்காக நாடு விட்டு நாடு போன கதை இது. அதை நாம் ஐந்து நிமிடத்தில் அறுத்து எறிகிறோம்.

நம்மிடம் படித்த மாணவர் ஒருவர் தம் கப்சாய் வண்டியின் சைலன்சரைக் காலி செய்துவிட்டு, “சார், வண்டி பறக்குது” என்றார். அப்படியானால் பால் கொட்டகைக்கு அப்பால் உள்ள மேட்டில் தம்பியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஏறிப் பார் என்றோம். முன்பு மூன்றாம் கியரில் ஏறிய மேட்டில் இப்போது இரண்டுக்கு இறக்க வேண்டியிருந்தது. உச்ச வேகத்தில் ஏதோ சிறிது கூடியிருக்கலாம். ஆனால் தோட்டத்து மண் சாலையில் நாம் உச்ச வேகத்தில் போவதே இல்லை. நமக்கு வேண்டியது மேட்டில் இழுக்கும் இழுவை. அதுதான் குறைந்துபோயிற்று. சத்தம் கூடியதால் காது வேகம் என்று நம்பியது, அவ்வளவே.

அந்தக் காதைப் பற்றியும் சொல்ல வேண்டும். 85 டெசிபல் ஓசையை நாளுக்கு எட்டு மணி நேரம் தாங்கலாம் என்பது தொழிற்சாலைகளுக்கு மருத்துவ அறிஞர்கள் சொல்லும் அளவு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் தாங்கும் நேரம் பாதியாகிவிடும். 100 டெசிபலுக்குக் கால் மணி நேரம்தான். குடல் எடுத்த எக்சோஸ் பக்கத்தில் நிற்பவருக்கு அந்த அளவைத் தொடக்கூடும். உட்செவியில் இருக்கும் நுண்மயிர்ச் செல்கள் அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை. லயத்து வீட்டுக்குப் பலகைச் சுவர்தான் தடுப்பு. இரவுப் பாலி வேலைக்குப் போய்வந்து பகலில் படுத்திருப்பவர், ஆயாக் கொட்டகையில் தூங்கும் பிள்ளை, தேர்வுக்குப் படிக்கும் பெண், எல்லோரும் அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம்தான் இருக்கிறார்கள். சட்டமும் இதைக் கவனித்திருக்கிறது. 1987-ஆம் ஆண்டின் மோட்டார் வாகன இரைச்சல் விதிகளும், அதே ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டமும் இருக்கின்றன. அபராதம் ஒருபுறம். வண்டியையே பறிமுதல் செய்தால், காலையில் வேலைக்கு எதில் போவது?

சரி, வண்டி நன்றாக இழுக்க வேண்டும், ஓசையும் கனமாகக் கேட்க வேண்டும் என்கிற ஆசை தவறில்லை. முதலில் செய்ய வேண்டியது, இருக்கும் குழாயைச் சுத்தம் செய்வது. டூ ஸ்ட்ரோக் வண்டியின் பின்முனையில் ஒரு திருகைக் கழற்றினால் உள்குழாய் வெளியே வரும். அதில் எண்ணெய்க் கரி அப்பியிருக்கும். கம்பித் தூரிகையால் தேய்த்து எடுத்துப் பூட்டினாலே, பழைய வண்டிக்குப் புது உயிர் வந்ததுபோல் இருக்கும். இதற்கு ஒரு காசும் செலவில்லை. எஞ்சினும் குழாயும் சேரும் இடத்தில் உள்ள கேஸ்கெட் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். ஆக்சிலேட்டரை விட்டதும் படபடவென்று வெடிப்பது பலவேளை அந்தக் கசிவினால்தான். அதைப் பந்தய வண்டியின் ஓசை என்று பெருமைப்படுவோரும் உண்டு!

வேறு குழாய்தான் வேண்டும் என்றால், அந்த வண்டிக்கென்றே செய்த, ஓசை அடக்கும் பஞ்சு வைத்த, இலாகா ஏற்றுக்கொள்ளும் குழாயை வாங்குங்கள். பஞ்சு எரிந்து தீர்ந்ததும் புதிது வைக்க வேண்டும். குழாய் மாற்றியபின் கார்புரேட்டரைக் கவனிக்காமல் விடக்கூடாது. புகை வேகமாகப் போனால் காற்று அதிகம் வரும், பெட்ரோல் பற்றாது. எஞ்சின் சூடேறி பிஸ்டனில் ஓட்டை விழுந்துவிடும். மெயின் ஜெட்டை ஓர் அளவு பெரிதாகப் போட்டு, நல்ல ஓட்டம் ஓட்டி, எஞ்சினை உடனே நிறுத்தி, ஆறியதும் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனை வெள்ளையாக இருந்தால் பெட்ரோல் போதவில்லை. கரியாக இருந்தால் அதிகம். பாலில்லாத தேநீரின் நிறம் இருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள். பெட்ரோலை ஊசியால் தெளிக்கும் புதுவகை வண்டிகளுக்கு இந்த வேலை வீட்டில் ஆகாது. பட்டறைக்காரரிடம் கேட்டுவிட்டே குழாயைத் தொடுங்கள்.